கரி

இருநூறு டிகிரியில் எட்டு மணி நேரம் வெந்த இரும்புக் குடுவை
விடிந்த பிறகுதான் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்.
மரையைத் திருகுவேன்.
செம்பனைக் கொட்டை ஓட்டின் தூளும்
ஒரு கரண்டி யூரியாவும் போட்ட இடத்தில்
பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் ஒரு தண்ணீர்.
எறும்புகூட எட்டிப் பார்க்காது.
விளக்கைத் தட்டினால்
நீலம்.

ஓடு கொண்டு வருகிறவர் சன்னாசி.
பீடோங் மில்லில் கொதிகலன் ஆள்.
வியாழன்தோறும் மோட்டார் சைக்கிளின் பின்னால்
ரப்பர் பட்டையில் இறுக்கிய ஒரு சாக்கு.
காசு கொடுத்தால் வாங்கமாட்டார்.
"நான் எரிச்சா சாம்பலாப் போவுது மிஸ்,
நீங்க எரிச்சா மட்டும் எப்படி வெளிச்சம்?"

நாங்கள் எரிப்பதில்லை, மூடி வேகவைக்கிறோம் என்றேன்.
அது பாதி பதில்.
மீதி எனக்குத் தெரியாது.
படித்தவர்களும் இன்னும் அதற்குத்தான் சண்டை போடுகிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் பல்பு போயிருந்த ஒருநாள்
ஆ ஹோக் கடைக் கல்லாவில்
ஐம்பது ரிங்கிட் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ்
குப்பியை நீட்டிக் காட்டினேன்.
ஆ ஹோக் சிரித்தான், கள்ளநோட்டு இல்லை என்றான்.
சன்னாசி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.
அவர் நகக்கண்ணில் ஏறியிருந்த கரி
அந்த வெளிச்சத்திலும் கறுப்பாகவே இருந்தது.

"இது உள்ள போனா
கட்டி எங்க இருக்குன்னு காட்டுமா?"

எலிக்குக் காட்டும் என்றேன்.
நீலம் தோலைத் தாண்டாது, ரத்தம் குடித்துவிடும்,
சிவப்பு வேண்டும், அதற்கே பதினொரு மாதம் ஆனது என்றேன்.
தோளில் மருந்தை ஏற்றி அனுப்பிப் பார்க்கிறோம்,
பாதி மருந்து வழியிலேயே இறங்கிவிடுகிறது என்றேன்.
மறுநாள் சிறுநீரில் வெளியேறும்,
கூண்டில் விரித்த மரத்தூள்கூட மின்னும் என்றேன்.
பேசிக்கொண்டே போனேன்,
அவர் அடுத்துக் கேட்கப்போவது தெரிந்ததால்.

"மனுசருக்கு?"

"பத்து வருசம்."
குறைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த வியாழன் சாக்கு வரவில்லை.
அதற்கடுத்த வியாழனும்.
மில்லின் புகை மட்டும் வழக்கம்போல
புளித்த வாசத்தோடு ஊருக்குள் வந்தது.

மூன்றாம் வாரம் வாசலில் ஒரு பெண்.
சாக்கை ஆட்டோக்காரர் இறக்கி வைத்தார்.
கண்ணின் வெள்ளையில் மஞ்சள்,
கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு.
விமலேஸ்வரி என்றார். சன்னாசியின் மனைவி.
"அவருக்கு ரெட்டை ஷிப்ட். ஓட்டை நிறுத்தக்கூடாதுன்னார்."
பிறகு, செருப்பைக் கழற்றியபடியே,
"எனக்கு ஆவாதுன்னு தெரியும் மிஸ்.
எனக்கு வேணாம். பார்க்கணும்."

இருட்டறையில் உட்காரவைத்தேன்.
நாற்பத்து மூன்றாம் எலி திரையில் கிடந்தது,
சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உடம்பு,
ஈரல் பக்கம் பச்சரிசி அளவில்
ஊதாத தணல்போல ஒரு சிவப்பு.
கையால் தொட்டால் தெரியாத கட்டி அது.
மறைந்திருக்க இடமில்லாமல் நின்றது.

வலது கையின் ஒரு விரலைத் திரையில் வைத்தார்.
இடது கை தானாகவே
தன் விலாவுக்குக் கீழே போனது.
நான் பேசவில்லை.
குளிர்சாதனப் பெட்டி இரண்டு முறை உறுமி நின்றது.

"இது என்ன, மருந்தா?"
"கரி."
"அடுப்புக்கரியா?"
"அதுக்குச் சொந்தம். ரொம்பப் பொடிசு."
"இத்தனை நாளும் அவரு சட்டையில அதைத்தானே துவைச்சேன்,"
என்று சொல்லிச் சிரித்தார்.
சிரிப்பு வலித்தது போலும், பாதியில் விட்டார்.

பழைய தமிழில் கரி என்றால் சாட்சி.
ஐந்தாம் படிவத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது.
அவரிடம் சொல்லலாமா என்று யோசித்து
சொல்லவில்லை.

அவர் போன பிறகு சாக்கை நிறுத்தேன்.
ஒன்பது கிலோ எழுநூறு.
பதிவேட்டில் 'எங்கிருந்து' என்ற கட்டத்தில்
மூன்று வருடமாக 'மில்' என்று எழுதிவந்த பேனா
கொஞ்ச நேரம் நின்று
விமலேஸ்வரி என்று எழுதியது.

குடுவையைக் கழுவி வைத்தேன்.
ஓட்டை இடிக்கத் தொடங்கினேன்.